ஒரே கணினியில் நானும் நாத்தனாரும்

அந்தப் பழைய கணினி வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எதுக்கு?"

பெங்களூரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர், பழைய கணினிகளில் ஆர்வமுள்ளவர்களின் இணையக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். வந்து எடுத்துக்கொள்பவருக்குத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். நான் பஸ்ஸில் போய், பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தேன். விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. பின்னால் இருக்கும் கம்பியை டிவியில் சொருகினால் திரையும் ஆயிற்று. நான் பிறப்பதற்கு முன்பு எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதற்காக வாங்கிய சாமான் அது.

நான் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓட்டும் நிரல்களை எழுதுகிறவள். இந்த மாதிரிக் குட்டிக் கணினியில்கூட, அந்தக் காலத்தில் சிலர் பல பயனர் இயங்குதளம் ஓட்டினார்கள் என்று படித்திருந்தேன். அதாவது ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிக் கோப்புகள். இவ்வளவு சின்ன நினைவகத்தில் அது எப்படி நடக்கும்? நம்ப முடியவில்லை. அதனால்தான் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். இதைச் சொன்னால் கணவருக்குப் பதிலாகாது என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

நினைவக அட்டையையும், இன்னொரு திரையை இணைப்பதற்கான அட்டையையும் சேர்த்து, ஃபிளாப்பி என்று சொல்லும் நெகிழ்வட்டில் இயங்குதளத்தை ஏற்றி, அது முதல் தடவை என் பெயரைக் கேட்டு நின்றபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. இரண்டாவது திரை எங்கள் தொழிற்சாலையிலிருந்தே கிடைத்தது. பழைய உற்பத்தி லைன் ஒன்றைக் கழற்றியபோது, ஆரஞ்சு எழுத்து வரும் திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட ஒரு முனையம் ஸ்கிராப்பில் கிடந்தது. ஸ்டோர்ஸில் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தேன்.

எங்கள் வீடு கெலவரப்பள்ளி போகிற சாலையில் ஒரு மாடி. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. கணினியும் பழைய டிவியும் ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டன. முனையத்துக்கு அங்கே இடமில்லை. பெட்ரூமில் வைத்து, கதவுக்கு அடியில் கேபிளை விட்டேன்.

பெட்ரூம் என் நாத்தனாருடையது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு இருந்தாள். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்வோம். கணவர் தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்ப்பவர். முனையத்தில் உட்காரச் சொன்னால், "கம்பெனியிலதான் மெஷின்னா, வீட்டுலயும் மெஷினா?" என்று எழுந்து போய்விடுவார். அதனால் எனக்கு இரண்டாவது பயனராக வந்தவள் நாத்தனார்தான். தனக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து வந்து ஏதேதோ தட்டெழுதி வைப்பாள்.

"நான் எழுதுறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா மதினி?"

"பாக்கணும்னு நெனச்சா பாக்கலாம். எல்லாத்துக்கும் பொறுப்பு எங்கிட்டதான் இருக்குது. ஆனா பாக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு பயனர் இன்னொருவர் திரைக்கு நேராக ஒரு வரி அனுப்ப முடியும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஹாலில் இருக்கும்போது டிவியில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். 'டீ இருக்கா' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். கணவருக்கு அது எரிச்சல். நாலு எட்டில் இருக்கிறவளைக் கூப்பிட்டால் கேட்காதா என்பார்.

நாத்தனாருக்கு மாப்பிள்ளைப் பேச்சு வந்தது என் கணவருடைய தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் மூலமாக. அவருடைய அக்கா மகன்தான் பையன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். குடும்பம் ஓசூரில் செட்டில் ஆகி ரொம்ப காலம். கணவருக்குப் பெருமையாக இருந்தது. கணவரின் அம்மா, என் அத்தை, ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். நாத்தனாரைக் கேட்டபோது, "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பையன் வீட்டார் பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "அந்தக் கண்றாவிய எடுத்து உள்ள வை" என்றார்கள் அத்தை. நான் கேபிளைக் கழற்றப் போனேன். நாத்தனார் சமையலறை வாசலில் நின்று தலையை ஆட்டினாள்.

"ஆஃப் பண்ணாதீங்க மதினி. ஓடட்டும்."

"எதுக்கு?"

"சும்மா. ஓடட்டும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுவிட்டேன். டிவியைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பி, மேலே ஒரு துண்டைப் போட்டு, முன்புறம் பாதி மறைகிற மாதிரி தொங்கவிட்டேன். அவள் உள்ளே போய்த் தன் பெயரில் நுழைந்திருக்கிறாள் என்பது நெகிழ்வட்டு சுழன்ற சத்தத்திலிருந்து தெரிந்தது.

பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். சீனியருக்கு ஷிப்ட், வரவில்லை. பையன் பார்க்க நன்றாக இருந்தான். மரியாதையாகப் பேசினான். கேசரி, மிக்சர், காபி எல்லாம் ஆயிற்று. "ரெண்டு பேரும் தனியா ஒரு பத்து நிமிஷம் பேசட்டுமே" என்று அவன் அம்மாதான் சொன்னார். பெட்ரூமைக் காட்டினார் கணவர். கதவைப் பாதி சாத்திக்கொண்டார்கள்.

ஹாலில் கணவரும் பையனின் அப்பாவும் மேம்பால வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் தாண்டியது. உள்ளே அவன் குரல் மட்டும் கேட்டது. இவள் குரல் கேட்கவில்லை. கீபோர்டு சத்தம் கேட்டது. "பழைய கம்ப்யூட்டரா? என்ன பண்ணுவ இதுல?" என்று அவன் கேட்டதும் காதில் விழுந்தது.

பீப்.

பையனின் அம்மா திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய்த் துண்டை விலக்கிப் பார்த்தேன். டிவியில் ஒரு வரி இருந்தது.

'மதினி உள்ள வாங்க. என் போன வாங்கி வச்சிருக்கான். தர மாட்டேங்கான்.'

என் கை துண்டிலேயே நின்றுவிட்டது. என் பின்னால் நாற்காலி நகர்ந்தது. "என்னம்மா அது, டிவியா? என்ன ஓடுது?" என்று பையனின் அம்மா எழுந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கில எழுத்து படிக்க வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்தேன். இந்தக் கணினியில் அந்தச் சின்னக் கட்டளையைக்கூட வட்டிலிருந்து எடுத்து வந்துதான் ஓட்ட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இன்னும் தாமதம். வட்டு 'கர் கர்' என்று சுழன்றது. எழுத்துகள் அப்படியே நின்றன. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார். நான் உடம்பை நகர்த்தி மறைத்தேன்.

"ஆபீஸ் வேலைங்கம்மா. பாதியில நிறுத்த முடியல."

திரை வெறுமையானது. அடுத்த நொடியே மறுபடி பீப். இந்தத் தடவை ஒரே சொல்: 'மதினி.'

மிக்சர் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போனேன்.

அவன் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் போன் அவன் கையில் இருந்தது. வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் முனையத்தின் முன்னால், இரண்டு கையையும் விசைப்பலகையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, அவ போன குடுங்க. கம்பெனியிலருந்து கூப்பிடுவாங்க" என்றேன்.

"பேசிட்டு இருக்கோம்க்கா. இதுல 'லைன் லீடர்'னு இருக்கற நம்பர் யாருதுன்னு கேட்டேன், பதில் வரல."

"குடுங்க."

"ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா பாக்குறதுல என்னக்கா இருக்கு? நாளைக்கு நான் பாக்கத்தானே போறேன்?"

நான் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு சிரித்தான். நான் கையை மடக்கவில்லை. கடைசியில் போனை என் கையில் வைக்காமல் கட்டிலில் போட்டான்.

நாத்தனார் எழுந்தாள். போனை எடுத்தாள். அவனைத் தாண்டி ஹாலுக்குப் போய், எல்லோருக்கும் நடுவில் நின்று, "எனக்கு வேண்டாம்மா" என்றாள். அத்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தைக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபோது பையனின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். படியில் இறங்கும்போது அந்தப் பையன் தன் அப்பாவிடம் ஏதோ சொன்னான். 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

அவர்கள் வண்டி கிளம்பியதும் வீட்டுக்குள் புயல் அடித்தது. "போனத்தான பாத்தான்? கைய புடிச்சு இழுத்தானா?" என்று அத்தை அழுதார்கள். "நாளைக்கு நான் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று கணவர் கத்தினார். அவர் என்றால் சீனியர். நடந்ததைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. நாத்தனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எல்லாம் இந்தச் சனியனால வந்தது" என்று சொல்லிக்கொண்டே கணவர் மூலைக்குப் போய், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

இரண்டு பேர் கணினிக்குள் நுழைந்திருக்கும்போது, வட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, மின்சாரத்தை இப்படி நிறுத்தக் கூடாது. வட்டு சுழன்று நிற்கிற சத்தம் கேட்டது. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் போட்டுப் பார்த்தேன். இயங்குதள வட்டு படிக்க முடியாமல் கெட்டிருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அத்தை ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள். நாத்தனார் கம்பெனி ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கணவர் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், என் முன்னால் வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லு. அன்னைக்கு ரெக்கார்ட் எதுவும் பண்ணுனீங்களா?"

"என்ன ரெக்கார்ட்?"

பையன் வீட்டில் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. பெட்ரூமில் கேமரா வைத்து, பையன் பேசியதையெல்லாம் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் பதிவு செய்தோமாம். அதை வைத்து மிரட்டத்தான் பெண்ணே அப்படி நடந்துகொண்டாளாம். பையனின் அப்பா போலீசுக்குப் போகப் போகிறாராம். டூல் ரூமில் ஆளுக்கு ஒரு விதமாகச் சிரித்திருக்கிறார்கள். "வீட்டுக்குள்ள வந்தா ஷூட்டிங்காமே?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"அதுல கேமராவே கிடையாதுங்க. வெறும் எழுத்துதான் வரும்."

"எனக்குத் தெரியுமா அது? நீங்க ரெண்டு பேரும் அதுல என்ன செஞ்சியளோ." பிறகு சொன்னார்: "சனிக்கிழமை எங்க சீனியர் வாராரு. நேர்ல பாக்கணுமாம். போட்டுக் காட்டு."

"போட்டா ஓடாது."

"ஏன்?"

நான் சுவரில் இருந்த பிளக் பாயின்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓடாத பெட்டியைக் காட்டினால் அழித்துவிட்டோம் என்பார்கள். அதுதான் பயம். என்னிடம் பழைய பிரதி வட்டு ஒன்று இருந்தது. ஆனால் அது இரண்டாவது திரையைச் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்தது. ஒருவர் மட்டும் நுழையலாம். முனையம் சேர்கிற பகுதியை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தேன். ஒரு தடவை பாதி ஏறி நின்றது. ஒரு தடவை என் பெயரைக் கேட்டுவிட்டு உறைந்தது. கணவர் பின்னால் வந்து நிற்பார். "ஓடுமா?" என்பார். "தெரியலைங்க" என்பேன். போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அவர் எனக்கு டீ போட்டது அந்த வாரத்தில்தான். வெள்ளிக்கிழமை, நாத்தனாரின் பெயரை மறுபடி சேர்த்துவிட்டு, கணவருக்கும் ஒரு பெயரைச் சேர்த்தேன். எந்த விசையை அடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

சீனியர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நாத்தனார் ஷிப்டில் இருந்தாள். அத்தை சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. சீனியர் உட்காரவில்லை. நேராக மூலைக்குப் போய், பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பெட்ரூமுக்குள் போய் முனையத்தின் பின்பக்கம் வரை குனிந்து பார்த்தார். கேபிளை விரலால் தொட்டுத் தொட்டுக் கதவுவரை போனார். டூல் ரூம்காரர். எதையும் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்.

"போடும்மா."

போட்டேன். திரையில் இயங்குதளத்தின் பெயர் வந்தது. அதோடு நின்றது. வட்டு சுற்றவில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்தார். அணைத்துவிட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, மறுபடி போட்டேன். 'கர்' என்று வட்டு பிடித்தது. மெதுவாக, ஒவ்வொரு வரியாக ஏறி, என் பெயரைக் கேட்டது.

கணவர் உள்ளே போய் முனையத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணும் வரல!" என்று குரல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். சீனியர் தொட்டுப் பார்த்ததில் கேபிள் பின்னால் தளர்ந்திருந்தது. அழுத்தினேன். ஆரஞ்சு எழுத்து வந்தது.

நான் ஹாலுக்குத் திரும்பினேன். நாங்கள் காத்திருந்தோம். ஒற்றை விரலால் அடிக்கிற சத்தம், நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு சத்தம். பீப். டிவியில் வந்தது: 'இவ்வளவுதான் அண்ணே.'

சீனியர் அதை இரண்டு தடவை படித்தார்.

"படம் வராதா?"

"வராதுங்க. உங்க போன்ல எடுக்கற ஒரு போட்டோகூட இதுல ஏறாது. வீடியோவ எங்க வைக்கறது?"

"அப்ப அன்னைக்கு அந்தப் பொண்ணு என்ன அடிச்சுது?"

சொன்னேன். வரிக்கு வரி சொன்னேன். போனை வாங்கி வைத்துக்கொண்டதை, தர மறுத்ததை, கட்டிலில் போட்டதை. அவரிடம் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை போல. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, போனத்தானம்மா பாத்தான். இந்தக் காலத்துப் பையன். அதுக்குப்போய்..." என்றார்.

என் கணவர் அறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க போனக் கொஞ்சம் தாங்க" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா பாக்கேன்."

சீனியரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. போனை எடுக்க அல்ல, மூட. கணவர் வாசலிலிருந்து நகரவில்லை. அந்தக் கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சீனியர், "நான் மாமாட்ட, பையனோட அப்பாட்ட பேசுறேன்" என்று மட்டும் சொன்னார். அவர் காபி வேண்டாம் என்றாலும் அத்தை கொண்டுவந்து நீட்டினார்கள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போலீஸ் பேச்சு எதுவும் வரவில்லை. ஆனால் அவரும் என் கணவரும் பழைய மாதிரி கேன்டீனில் ஒன்றாக உட்காருவதில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நாத்தனார் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கணவர் கேட்டார்.

"அவன் வேற என்னெல்லாம் கேட்டான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டும் என்றானாம். எந்த எந்த நம்பரை அழிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினானாம். ஹாலில் அண்ணனிடம் சொன்னால், 'உங்க பொண்ணு யார்கிட்டயோ பேசுது' என்று எல்லார் முன்னாலும் படித்துக் காட்டுவேன் என்றானாம். கணவர் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை. அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கோபத்தில் போகவில்லை. பஸ் வசதி என்றாள். அது பாதி உண்மை. லீவு நாட்களில் வருவாள்.

அத்தை ஊருக்குப் போய் ரொம்ப நாள் போன் செய்யவில்லை. பிறகு ஒரு நாள் எனக்குத்தான் கூப்பிட்டார்கள். சாத்தூர்ப் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம்.

"பையன்ட்ட நானே பேசிட்டேம்மா" என்றார்கள். "எம் மவ போனக் கேக்கக் கூடாது, வேலைய விடச் சொல்லக் கூடாது, சம்மதம்னா மட்டும் வான்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார் அத்தை?"

"முழிச்சான். யோசிச்சுச் சொல்லுதேன்னான். யோசிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மாவா கேட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.